வாலாட்டிப் புத்தகம்

அம்மாக்கண்ணுவுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பதினேழு வயது வரை தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவள்தான் எழுதினாள். 1955க்குப் பிறகு எழுதுவதில்லை. காகிதத்தை நீட்டினால், "கை நடுங்குதுங்க" என்பாள். கொழுந்து பறிக்கும்போது அந்தக் கை நடுங்காததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வற்புறுத்தவில்லை.

பொகவந்தலாவை பஜாரிலிருந்து நாலு மைல் ஏறினால் அந்தத் தோட்டம். பள்ளிக்கூடம், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். முத்துலிங்கம் மாஸ்டர் 1948இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அட்டைக்குப் பயந்து பாதையை விட்டுப் புல்லில் கால் வைக்க மாட்டார். இயற்கைப் பாடம் நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தபோது அவருக்குச் சந்தோஷம். பிள்ளைகளை வெளியே அனுப்பினால் அறையில் கொஞ்சம் காற்று வரும்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் எட்டுத் தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது, என்ன பூக்கிறது என்று எழுத வேண்டும். முதலில் தேதி. பிறகு இடம். பிறகு விஷயம். ஒவ்வொரு குறிப்பும் "நான் பார்த்தேன்" என்று முடிய வேண்டும். அது மாஸ்டரின் சட்டம்.

"ஆரோ பாத்ததை எழுதப்படாது. கண்ணாலை கண்டதை மட்டும் எழுது" என்றார் முதல் நாள்.

முள்முருங்கை பூத்த நாளை எழுதினார்கள். மார்ச் மாதத்தில் வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைப் பக்கமாகக் கூட்டமாகப் போவதை எழுதினார்கள். அம்மாக்கண்ணுவுக்கு விழுந்த இடம் நாலாம் லயத்துப் பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீரை இரும்புக் குழாய் வழியாகக் கொட்டவிட்ட இடம். அங்கேதான் குளிப்பதும் துவைப்பதும். செப்டெம்பர் நடுவில் அங்கே வாலாட்டி வரும். சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, ஓயாமல் ஆடும் வால். ஏப்ரலில் காணாமல் போகும். எங்கே போகிறது என்று மாஸ்டருக்கும் தெரியாது. "வடக்கை" என்பார்.

1949 பெப்ரவரி எட்டாம் தேதி வீரம்மா தன் மகள் அம்மாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போனாள். முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீரம்மாவின் தகப்பன் படுக்கையில் கிடந்தார். இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவதாகப் பேச்சு. தகப்பன் மே மாதம்தான் செத்தார். அதற்குள் வீரம்மாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஆகஸ்டில் பிள்ளை பிறந்து, அழாமலே போயிற்று. அதன் பிறகு காய்ச்சல். எழுந்து நடக்க மார்கழி ஆனது. தாயும் மகளும் மண்டபம் கேம்பில் நோய்ச் சோதனைக்காக ஆறு நாள் இருந்து, கப்பலேறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, 1950 ஜனவரி பதினொன்றாம் தேதி மாலை லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பதினொரு மாதமும் மூன்று நாளும்.

மண்டபத்தில் முத்திரை குத்திய சீட்டை அம்மாக்கண்ணுவின் தகப்பன் செல்லசாமி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அந்த வருஷ மழையில் தகரத்தின் ஓட்டை வழியாகத் தண்ணீர் அந்தச் சுவரில்தான் இறங்கியது. சீட்டு மிஞ்சியது, முத்திரை நீலக் கறையாகிவிட்டது.

வந்த மறுநாள் காலை அம்மாக்கண்ணு முகம் கழுவப் பீலிக்குப் போனாள். வாலாட்டி கல்லின் மேல் நின்றது. நடக்கவில்லை, தத்தியது. குனிந்து பார்த்தாள். வலது காலில் பாதம் இல்லை. குச்சியை ஊன்றுவதுபோல ஊன்றி நின்றது. பூச்சி பறந்தபோது எம்பிப் பிடித்தது. மறுபடி அதே கல்லில் வந்து ஊன்றியது.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி மாஸ்டரிடம் புத்தகம் கேட்டாள். தைத்து மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் வரப்போறார். உன்ரை புத்தகமும் செப்டெம்பரிலை இருந்து நிரம்பி இருக்க வேணும். ராக்காயியின்ரையைப் பாத்து எழுது."

"நான் அப்ப இங்க இல்லையே சார்."

"குருவி இருந்ததுதானே? போதும்."

ராக்காயி லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். அவளுக்கும் அதே பீலி. இரண்டு நாள் உட்கார்ந்து அம்மாக்கண்ணு அவளுடைய புத்தகத்தைப் பார்த்து எழுதினாள். போகிற போக்கில் எழுத்துப் பிழைகளையும் திருத்தினாள்.

"ஏன்டி, முசிறியில இருந்துக்கிட்டே எங்க பீலிய பாத்தியாக்கும்? ஒனக்குக் கழுகுக் கண்ணுடி" என்றாள் ராக்காயி.

"நீ பாத்தும் ஒழுங்கா எழுதலியே. வாலாட்டிக்கு எங்கடி கொம்பு? லாவன்னாவுக்குக் கால விட்டுட்ட."

"ஒன் குருவிக்குத்தான் காலு இல்ல. என் எழுத்துக்கும் இல்லாட்டி என்ன?"

மடித்துத் தைத்த நடு வரைக்கும் ராக்காயி பார்த்தவை வந்தன. நடுவுக்குப் பிறகு முதல் வரி: 'ஜனவரி 12. நாலாம் லயத்துப் பீலி. வாலாட்டிக்கு வலது பாதம் இல்லை. நான் பார்த்தேன்.' அதற்குப் பிறகு ஏப்ரல் மூன்றாம் தேதி வரை அவள் பார்த்தவை.

இன்ஸ்பெக்டர் பெப்ரவரி இருபத்தொன்றாம் தேதி வந்தார். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

பிரஜாவுரிமைக்குச் செல்லசாமி 1951இல் விண்ணப்பம் போட்டார். அவர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த லயத்திலேயே பிறந்தவர், ஆனாலும் புதுச் சட்டப்படி விண்ணப்பித்துத்தான் பிரஜையாக முடியும். விசாரணைக்கு வரச்சொல்லித் தாள் வர நாலு வருஷம் ஆனது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அழகுமுத்து அதை வாசித்துச் சொன்னார்.

"சம்சாரம், புள்ள எல்லாரும் விட்டுப் போகாம இங்க இருந்திருக்கணும். ஒரு தடவ போனா பன்னெண்டு மாசத்துக்குள்ள வந்துறணும். அதுக்கு மேல ஆனா அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"பதினோரு மாசந்தான அண்ணே."

"நீ சொல்லுவ. காயிதம் சொல்லணுமே. ஒன் சம்சாரம் எப்ப மறுபடி வேலைக்குப் பேரு போட்டுச்சு?"

"ஒடம்புக்கு முடியாம கெடந்தா. ஏப்ரல்ல."

"செக்ரோல்ல, சம்பளக் கணக்குல, ஏப்ரல். பள்ளிக்கூட ரெஜிஸ்டர்ல?"

அங்கே மார்ச். மூன்று மாதம் வராத பிள்ளையின் பெயரை மாஸ்டர் வெட்டியிருந்தார். புது ரெஜிஸ்டர் வந்தபோதுதான் மறுபடி எழுதினார்.

"ஆக பதிமூணு மாசம், பதினாலு மாசம்" என்றார் அழகுமுத்து. "ஜனவரியில வந்தீங்கன்னு எதாச்சும் இருந்தா கொண்டா. இல்லாட்டி நீ இந்த ஊரு ஆளு இல்ல, செல்லசாமி. ஒன் மக்க மனுசரும் இல்ல. எப்ப வேணும்னாலும் அனுப்பலாம்."

"எங்க அனுப்புவாங்க? நான் கடலயே பாத்ததில்ல."

"அத அவங்ககிட்ட சொல்லு. சிரிப்பாங்க."

அம்மாக்கண்ணு அப்போது கொழுந்து மலைக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. தகரப் பெட்டியின் அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல ஜனவரி பன்னெண்டு இருக்குப்பா."

செல்லசாமிக்கு வாசிக்கத் தெரியாது. விரலை அந்த வரியின் மேல் வைத்துப் பார்த்தார். "இன்ஸ்பெக்டரு கையெழுத்து?"

"கடைசித் தாள்ல இருக்கு. ஆனா அது பெப்ரவரி இருபத்தொண்ணு. பதிமூணு நாளு பிந்திப் போச்சு."

"அவரு ஒரு ரெண்டு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா" என்றார் செல்லசாமி. பிறகு, "பரவாயில்ல. ஒன் எழுத்து இருக்கே" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. வீரம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

முன்பாதியைப் பற்றி அம்மாக்கண்ணு சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காம்பராவில் யாரும் இல்லாதபோது, அந்தத் தாள்களைக் கிழித்துவிடப் பார்த்தாள். தாள்கள் நடுவில் மடித்துத் தைத்தவை. முன்னால் ஒன்றை இழுத்தால் பின்னால் அதன் மறுபாதி கழன்று வந்தது. ஜனவரித் தாளின் மறுபாதியில் டிசெம்பர் இருந்தது. பெப்ரவரியின் மறுபாதியில் நவம்பர். விட்டுவிட்டாள். அதிகாரி ஜனவரியை மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்தாள்.

விசாரணை அட்டனில், கடைத்தெருவுக்கு மேலே ஒரு மாடி அறையில் நடந்தது. காலை பஸ்ஸில் மூவரும் போனார்கள். அதிகாரி நடுத்தர வயதுக்காரர். குரலை உயர்த்தாதவர். வீரம்மா இருமியபோது நாற்காலி போடச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

செல்லசாமி சத்தியம் செய்தார். பெப்ரவரி எட்டு போனார்கள். ஜனவரி பதினொன்று வந்தார்கள். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு புத்தகம். அதிகாரி ஜனவரிப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதல் தடவையாகச் சிரித்தார். பறவைகளில் பிரியம் உள்ளவர்போல் இருந்தது.

"எந்தப் பாதம்?"

"வலதுங்க. குச்சி மாதிரி ஊணி நிக்கும்."

"பூச்சி பிடிக்குமா?"

"எம்பிப் புடிக்குமுங்க. மத்தத விட நல்லாவே புடிக்கும்."

"இதை முதலில் எப்போது பார்த்தாய்?"

"வந்த மறுநா காலையிலங்க. ஜனவரி பன்னெண்டு."

செல்லசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். சந்தேகத்தால் அல்ல, ஆசையாகத்தான் புரட்டினார். முதல் பக்கத்தில் நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் வாசித்தார்.

"செப்டெம்பர் 19. நாலாம் லயத்துப் பீலி. வாலாட்டி வந்தது. நான் பார்த்தேன்."

"அப்போது அதற்குப் பாதம் இருந்ததா?" என்றார் அதிகாரி.

அம்மாக்கண்ணு கணக்குப் போட்டாள். இருந்தது என்றால் அவள் செப்டெம்பரிலேயே தோட்டத்தில் இருந்தவள். அப்பா செய்த சத்தியம் பொய். இல்லை என்றாலும் அதேதான். கீழே தெருவில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

"தெரியாதுங்க."

"நீதானே பார்த்தாய்?"

"நான் பாக்கலைங்க. அப்ப இந்தியாவுல இருந்தோம்."

"பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே?"

"சார் பாத்து எழுதச் சொன்னாருங்க. இன்ஸ்பெக்டரு வாறாருன்னு."

அதிகாரியின் முகம் மாறவில்லை. பென்சிலை எடுத்து, ஜனவரி பன்னிரண்டுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு 'நான் பார்த்தேன்' பக்கத்திலும் சிறிய புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தொன்று.

"இந்த முப்பத்தொன்றும் பொய். முப்பத்திரண்டாவது மட்டும் உண்மை என்று நான் எப்படி எழுதுவேன்?"

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். செல்லசாமி மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி இரண்டு வாரம் தவணை கொடுத்தார். தான் எழுதச் சொன்னதை வாத்தியார் வந்து சொல்லட்டும், அல்லது எழுதித் தரட்டும்.

முத்துலிங்கம் மாஸ்டர் அப்போது றொசல்லையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். தகப்பனும் மகளும் அட்டனிலிருந்து ரயிலில் போனார்கள். ஸ்டேஷனிலிருந்து மழையில் நடந்தார்கள். மாஸ்டர் கதவைத் திறந்து, "ஆர், அம்மாக்கண்ணுவே? வளந்திட்டாய்" என்றார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். செல்லசாமி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"செல்லசாமி, பிள்ளையைப் பொய் எழுதச் சொன்னனான் எண்டு என்ரை கையாலை எழுதித் தரட்டோ?"

"நீங்க சொன்னது நெசந்தானுங்களே சார்."

"நெசம்தான். நெசம் எண்டபடியால்தான் எழுதேலாது. அது அங்கை இருந்து கல்விக் கந்தோருக்குப் போகும். எனக்கு மூண்டு பிள்ளையள்."

"எனக்கு இது ஒண்ணுதானுங்க."

மாஸ்டர் எழுந்து பேனாவை எடுத்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். முத்திரை குத்தி, ஊதி உலர்த்திக் கொடுத்தார். ரயிலில் அம்மாக்கண்ணு வாசித்தாள்: இம்மாணவி நல்லொழுக்கம் உடையவள். பாடசாலைக்கு ஒழுங்காக வருபவள். இவளது கையெழுத்து மிக அழகானது.

"என்ன போட்டிருக்காரு?"

"நான் நல்ல புள்ளையாம்ப்பா."

"அது போதுமா?"

அவள் தாளை மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். தவணை நாளில் அதைத்தான் கொடுத்தார்கள்.

முடிவு மூன்று மாதம் கழித்து ஆங்கிலத்தில் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கலைந்த பிறகு அழகுமுத்து வாசித்துத் தமிழில் சொன்னார். செக்ரோலும் பள்ளி ரெஜிஸ்டரும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டுகின்றன. விண்ணப்பதாரரின் மகள் சமர்ப்பித்த புத்தகம், அவளே ஒப்புக்கொண்டபடி, நம்பத்தக்கதல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"மேல்கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா அங்கயும் இதே பொஸ்தகந்தான் போகும்" என்றார் அழகுமுத்து.

வீரம்மா அன்று மகளை அடித்தாள். விறகுக் கட்டையால், முதுகில், மூச்சு வாங்கும்வரை. "சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டோமேடி. சொல்லியிருக்கலாமேடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். செல்லசாமி தடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. வீரம்மா களைத்து உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நொண்டிக் குருவி நெசந்தானா?"

"நெசம்ப்பா. அடுத்த வருசமும் வந்துச்சு. அதே கல்லுலதான் நின்னுச்சு."

"சரி" என்று கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. 1961இல் நெஞ்சுச் சளியில் செத்தார். மரணப் பதிவில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று எழுதினார்கள். கடைசிவரை அவர் கடலைப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் வீரம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாக்கண்ணு அதே தோட்டத்து அழகனைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய விண்ணப்பமும் வேறு காரணத்தால் தள்ளப்பட்டதுதான். ஒரே மகள், சண்முகவடிவு. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் செய்துகொண்ட மறு வருஷம், 1965இல், பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாள். லயங்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அழகன் இன்னும் முடிவு செய்யவில்லை.

பள்ளிக்கூடத்தில் இப்போது வேறு வாத்தியார். புத்தகம் தைப்பதில்லை. பஜாரில் மஃறூப் நானாவின் கடையில் கொப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் முழுவதும் நாளுக்கொரு குறிப்பு. சண்முகவடிவுக்கு விழுந்த இடமும் பீலிதான். லயத்துக்குக் கிட்ட வேறு என்ன இருக்கிறது.

நடுவில் மூன்று நாள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாள். நாலாம் நாள் மாலை கொப்பியும் பென்சிலுமாக வந்தாள்.

"அம்மா, மூணு நாளு காலியா கெடக்கு. வாலாட்டி வந்திருக்குமில்ல?"

"வந்திருக்கும்."

"அப்ப வந்துச்சுன்னு எழுதிக்கவா?"

"நீ பாத்தியா?"

"இல்ல. ஆனா தெனமும் வருதுல்ல. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க."

"எழுதாத."

"சார் அடிப்பாரும்மா."

"அடிக்கட்டும்."

பிள்ளை அழுதுகொண்டே போனாள். மறுநாள் மலையிலிருந்து அம்மாக்கண்ணு வந்தபோது காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கை வீங்கிச் சிவந்திருந்தது. நாளைக்குள் நிரப்பிக்கொண்டு வர வாத்தியார் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மறு கை.

அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவைத்தாள். குண்டானில் தண்ணீர் எடுத்து வந்து பிள்ளையின் கையை அதில் அமுக்கினாள். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கொப்பியை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தாள். பத்து வருஷமாகப் பிடிக்காத பென்சில். எழுத்து கோணவில்லை.

'ஒக்டோபர் 12. காய்ச்சல். நான் பார்க்கவில்லை.'

'ஒக்டோபர் 13. காய்ச்சல். நான் பார்க்கவில்லை.'

'ஒக்டோபர் 14. காய்ச்சல். நான் பார்க்கவில்லை.'

சண்முகவடிவு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இதுக்கும் அடிப்பாரும்மா."

"தெரியும்."

மறுநாள் விடியும்போது பெரட்டுக்குப் போகிற வழியில் அவள் பீலியில் முகம் கழுவினாள். கல்லின் மேல் வாலாட்டி நின்றது. குனிந்து பார்த்தாள். இரண்டு பாதமும் இருந்தன.